பொதுவழியைப் பொதுவாக்கியவர்: இரட்டைமலை சீனிவாசனார்

சிங்கப்பெருமாள்கோயிலிலிருந்து ஒரகடம் வழியாக ஸ்ரீபெரும்புதூர் செல்லும் சாலையில் நாள்தோறும் விடியற்காலையில் தொழிற்சாலைப் பேருந்துகள் வரிசையாகச் செல்கின்றன. செங்கற்பட்டு, மதுராந்தகம், உத்திரமேரூர், செய்யாறு, வந்தவாசி எனப் பல பகுதிகளிலிருந்தும் இளைஞரும் இளம்பெண்டிரும் பணிக்கு வருகின்றனர். நம் தமிழ்ச் சமணக் குடும்பங்களின் பிள்ளைகளும் அவர்களுள் உளர். அவர்கள் கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையில் பெயரும் எண்ணும் இருக்கின்றன. பிறந்த குலம் அதில் இல்லை. எவர் அருகில் எவர் அமர்வது என்பதற்கு அப்பேருந்தில் விதி ஏதும் இல்லை.

இன்றைய தலைமுறைக்கு இது இயற்கையாகவே அமைந்ததுபோலத் தோன்றும். ஆனால் நூறாண்டுகளுக்கு முன், பொதுச்சாலையில் எவரும் நடக்கலாம், பொதுக்கிணற்றில் எவரும் நீர் மொள்ளலாம், அரசு அலுவலகத்துக்குள் எவரும் செல்லலாம் என்பதை நிலைநாட்டச் சென்னைச் சட்டமன்றத்தில் தனியாக ஒரு தீர்மானம் கொண்டுவர வேண்டியிருந்தது. அதனைக் கொண்டுவந்தவர் இதே பழைய செங்கற்பட்டு மாவட்டத்தில் பிறந்த திவான் பகதூர் இரட்டைமலை சீனிவாசனார். அரசு அலுவலகமும் நீதிமன்றமும் சட்டமன்றமும் எளிய மனிதனுக்கு எப்போது உரியனவாகும் என்ற ஒரே வினாவுக்கு விடை தேடியது அவர் வாழ்க்கை. அறம் போற்றும் நம் குடும்பங்கள் அவ்வாழ்க்கையை அறிந்திருத்தல் நன்று.

பிறப்பும் கல்வியும்

மதுராந்தகத்தை அடுத்த கோழியாளம் என்னும் சிற்றூரில் 1860-ஆம் ஆண்டை ஒட்டிச் சீனிவாசனார் பிறந்தார். இரட்டைமலை என்பது தந்தையார் பெயர். தீண்டத்தகாதார் என ஒதுக்கப்பட்ட பறையர் குலத்தில், வறிய குடும்பத்தில் பிறந்த அவர் கல்வி பெற்றதே அக்காலத்தில் அரிய செய்தியாகும்.

அவர் கோயம்புத்தூரில் கல்லூரிக் கல்வி பயின்றார். அங்கே பயின்ற ஏறத்தாழ 400 மாணவர்களுள் பத்துப் பேர் நீங்கலாக ஏனையோர் அனைவரும் அந்தணர். சாதி ஒழுக்கங்கள் மிகக் கடுமையாகப் பின்பற்றப்பட்டன. எவரோடேனும் நட்புக் கொண்டால் தம் வீடு எங்கே, குலம் யாது என்ற கேள்வி எழும் என்று அவர் அஞ்சினார். ஆதலால் காலையில் கல்லூரிக்கு வெளியே எங்கேனும் அமர்ந்து படித்துக்கொண்டிருப்பார். மணி அடித்த பின்னரே வகுப்புக்குள் நுழைவார். மாலையில் வகுப்பு முடிந்ததும் உடன் பயில்வோர் தம்மை எட்டிப் பிடிக்காதவாறு விரைந்து நடந்து வீடு சேர்வார். இதனை அவரே 1939-இல் வெளியிட்ட ஜீவிய சரித்திரச் சுருக்கத்தில் பதிவு செய்துள்ளார்.

அந்தக் கல்லூரியின் வாயில் சட்டப்படி அவருக்கு அடைக்கப்படவில்லை. அவர் பெயர் வருகைப் பதிவேட்டில் இருந்தது. எனினும் நாள்தோறும் அச்சத்தோடு நுழைந்து அச்சத்தோடு வெளியேற வேண்டியிருந்தது. கதவு திறந்திருப்பது வேறு, உள்ளே தலைநிமிர்ந்து அமர முடிவது வேறு என்பதை அவர் இளமையிலேயே உணர்ந்தார். பின்னர் நீலகிரியில் ஐரோப்பியர் நிறுவனத்தில் கணக்கராகப் பல ஆண்டுகள் பணிபுரிந்து, 1890-இல் சென்னையில் குடியேறினார்.

அன்றைய செங்கற்பட்டு

அவர் சென்னைக்கு வந்த காலத்தில் செங்கற்பட்டு மாவட்டத்தின் நிலை எவ்வாறு இருந்தது என்பதை அறிந்தால்தான் அவர் பணியின் அருமை விளங்கும். இன்று தொழிற்சாலைகள் நிற்கும் ஸ்ரீபெரும்புதூர்ப் பகுதியும் அம்மாவட்டத்தைச் சேர்ந்ததே. ஊர் நிலங்களின் மீது மிராசுதாரர்கள் வழிவழி உரிமை கொண்டாடினர். தரிசு நிலம் வேண்டி ஓர் உழவுத்தொழிலாளி அரசுக்கு விண்ணப்பித்தால், அதே நிலத்தைக் கேட்கும் முன்னுரிமை மிராசுதாரருக்கு இருந்தது. தொழிலாளி குடியிருந்த குடிசையின் மனைகூடப் பெரும்பாலும் அவனுக்குச் சொந்தமாக இல்லை. எதிர்த்து ஒரு சொல் சொன்னால் வேலையோடு வீடும் போகும்.

சட்டமும் மனிதரை ஒரே தட்டில் வைக்கவில்லை. 1816-ஆம் ஆண்டின் 11-ஆம் ஒழுங்குமுறைச் சட்டம், சிறு குற்றங்களுக்குக் கிராமத் தலைவரே தண்டனை வழங்கலாம் என்றது. பிறரைச் சாவடியில் அடைத்து வைக்கலாம். தாழ்ந்த சாதியார் என்றால் தொழுமரத்தில் கால்களை மாட்டி வைக்கலாம் என அச்சட்டமே வேறுபாடு வகுத்திருந்தது. இத்தகைய நிலையில் இருந்த ஒருவனுக்கு அரசு என்பது தன்னைக் காக்கும் அமைப்பாகத் தோன்றியிருக்க இயலாது.

1891-இல் மாவட்ட ஆட்சியர் திரமென்ஹீர் இம்மக்களின் நிலையை ஆராய்ந்து அரசுக்கு விரிவான அறிக்கை அளித்தார். அதன் பயனாக 1892-இல் ஒடுக்கப்பட்டோருக்கு நிலம் ஒதுக்கும் அரசாணை பிறந்தது. அந்நிலங்களே பின்னர்ப் பஞ்சமி நிலங்கள் எனப் பெயர் பெற்றன. அவற்றைக் குறிப்பிட்ட ஆண்டுகள் வரை விற்றலாகாது, அதன் பின்னரும் பிற வகுப்பாருக்கு விற்றலாகாது என நிபந்தனை விதிக்கப்பட்டது. ஆயினும் ஆணை ஏட்டில் இருக்க, நிலங்கள் பல இடங்களில் பிறர் கைக்குச் சென்றன. ஏழை உழவனுக்கும் பதிவேட்டுக்கும் இடையே நின்றவர்கள் அவ்வேட்டை எழுதும் ஊர் அதிகாரிகள். அவர்களோ ஊரின் வலிமை மிக்க குடிகளைச் சார்ந்தவர்கள்.

மறைத்த பெயரே முகப்பில்

1891-இல் சீனிவாசனார் பறையர் மகாஜன சபையை நிறுவினார். 1893 அக்டோபரில் ஓர் இதழ் தொடங்கினார். நான்கு பக்கங்கள், இரண்டு அணா விலை. அச்சிடவும் விளம்பரப்படுத்தவும் ஆன செலவு மொத்தம் பத்து ரூபாய். சென்னையில் மட்டும் இரண்டே நாளில் 400 பிரதிகள் விற்றுத் தீர்ந்தன. திங்கள் இதழாகத் தொடங்கியது விரைவில் வார இதழாயிற்று.

அவ்விதழுக்கு அவர் இட்ட பெயர் பறையன். கல்லூரி நாள்களில் எந்தப் பெயர் வெளிப்படும் என அஞ்சி விரைந்து நடந்தாரோ, அந்தப் பெயரையே முகப்பில் பெரிய எழுத்தில் அச்சிட்டார். தம் குலப்பெயரைச் சொல்ல நாணுகின்றவன் தன் உரிமையைக் கேட்கவும் நாணுவான் என்பது அவர் கருத்து. மறைந்து வாழ்வோர் முறையிட இயலாது. முறையிடாதார் குறையை அரசு அறியாது. வழிமறிப்பு, கூலிக் கொடுமை, நில உரிமை மறுப்பு முதலிய குறைகளுக்கு அவ்விதழ் நாவாக நின்றது. வழக்கொன்றில் சிக்கி அபராதம் செலுத்த நேர்ந்த போதும் இதழ் நிற்கவில்லை. 1900 வரை நடைபெற்றது.

112 அடி நீள விண்ணப்பம்

அவர் வாழ்வில் இன்றளவும் வாதத்துக்குரியதாக விளங்கும் நிகழ்ச்சி 1893-இல் நடந்தது. இந்திய ஆட்சிப் பணித் தேர்வு அந்நாளில் இலண்டனில் மட்டுமே நடந்துவந்தது. அதனை இந்தியாவிலும் ஒருங்கே நடத்த வேண்டும் எனக் காங்கிரசு கோரியது. கடல் கடந்து சென்று தேர்வெழுத இயலாத இந்தியருக்கு இது நீதியான கோரிக்கையே. பெரும்பாலும் வெள்ளையரே மேலதிகாரிகளாக இருந்த அநீதியை அது எதிர்த்தது.

சீனிவாசனார் அக்கோரிக்கையை எதிர்த்தார். 1893 டிசம்பரில் சென்னை வெஸ்லி மிஷன் மண்டபத்தில் கூட்டம் கூட்டினார். 3,412 பேர் கையொப்பமிட்ட விண்ணப்பம் ஆயத்தமாயிற்று. அதன் நீளம் 112 அடி. ஜெனரல் செஸ்னி வழியாக அது பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்குச் சென்றது.

நாட்டின் உரிமைக்கு அவர் குறுக்கே நின்றார் என்று குறை கூறுவோர் உண்டு. ஆனால் அவர் காரணத்தையும் கேட்டல் வேண்டும். தேர்வு அனைவருக்கும் பொது என்றாலும், பள்ளி அனைவருக்கும் பொதுவாக இல்லை. பள்ளியே மறுக்கப்பட்டவனுக்குத் தேர்வு திறந்திருந்து பயன் என்ன? ஊரில் தன்னைத் தெருவில் நடக்க விடாதவரே நாளை ஆட்சியராக வந்து அமர்ந்தால், தன் மனு யாரிடம் போய்ச் சேரும்? தொலைவிலிருந்து வந்த அந்நியனிடம் அன்பு கொண்டு அம்மக்கள் அவனை நாடவில்லை. அருகில் இருந்தோரிடம் நீதி கிடைக்கும் என்ற நம்பிக்கை இன்மையால் நாடினர். ஓர் அரசு அமைப்பின் மீது மக்கள் கொள்ளும் நம்பிக்கை, அவ்வமைப்பில் அமர்ந்திருப்போர் வெளியே தம்மை எவ்வாறு நடத்துகின்றனர் என்பதைப் பொறுத்தது. அந்த 112 அடி விண்ணப்பம் உணர்த்துவது இதுவே.

கடல் கடந்த ஆண்டுகள்

தம் மக்களின் குறைகளை இலண்டனில் நேரில் முறையிடும் எண்ணத்தோடு 1900-இல் அவர் கப்பல் ஏறினார். பயணம் ஆப்பிரிக்காவோடு நின்றது. கீழை ஆப்பிரிக்காவிலும் பின்னர்த் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலிலும் தங்கினார். அங்கே நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராகப் பணிபுரிந்தார். காந்தியடிகளோடும் அறிமுகம் ஏற்பட்டது. தன் மொழியைத் தவிர வேறொன்று அறியாத கூலித்தொழிலாளியின் சொல்லை நீதிபதியின் செவிக்குக் கொண்டு சேர்ப்பது அவர் கடமை ஆயிற்று. வாழ்நாள் முழுவதும் அவர் செய்ததும் அதுவே. 1921-இல் தாயகம் திரும்பினார்.

1924-ஆம் ஆண்டுத் தீர்மானம்

அவர் திரும்பியபோது காலம் மாறத் தொடங்கியிருந்தது. நீதிக்கட்சி ஆட்சியில் 1922-இல் ஆதி திராவிடர் என்ற பெயர் அரசு ஆவணங்களில் ஏற்கப்பட்டது. 1923-இல் சீனிவாசனார் சென்னைச் சட்டமன்றத்தின் நியமன உறுப்பினரானார். எம். சி. ராஜா முதலிய ஒடுக்கப்பட்டோர் தலைவர்களும் அக்காலச் சட்டமன்றத்தில் குரல் கொடுத்தனர்.

1924 ஆகஸ்டில் சீனிவாசனார் தம் புகழ்பெற்ற தீர்மானத்தை முன்மொழிந்தார். நகரிலோ சிற்றூரிலோ உள்ள எந்தப் பொதுச்சாலையிலும் தெருவிலும் பாதையிலும் எவ்வகுப்பார் நடப்பதற்கும் தடை இல்லை. பொது அலுவலகம், பொதுக்கிணறு, குளம், மக்கள் கூடும் பொது இடங்கள், பொது அலுவல் நடைபெறும் கட்டடங்கள் ஆகியவற்றைச் சாதி இந்துக்கள் பயன்படுத்தும் அதே முறையில் ஒடுக்கப்பட்டோரும் பயன்படுத்தலாம் என்பது அதன் சாரம். தீர்மானம் நிறைவேறியது. அடுத்த மாதமே அரசாணையாகவும் வெளிவந்தது. கேரளத்து வைக்கத்தில் கோயிலைச் சூழ்ந்த தெருக்களில் நடக்கும் உரிமைக்காகத் தமிழகத்திலிருந்து ஈ.வெ.ரா. முதலியோர் சென்று போராடியதும் இதே ஆண்டில்தான்.

அலுவலகங்கள் ஏன் அப்பட்டியலில் இடம்பெற்றன என்று இன்றையோர் வியக்கலாம். பல ஊர்களில் அஞ்சலகம் முதலிய அலுவலகங்கள் ஊர்த்தெருவின் உள்ளே அமைந்திருந்தன. தெருவில் நடக்கத் தடை உள்ளவனுக்கு அத்தெருவில் உள்ள அலுவலகமும் தடையே. வரி அனைவரிடமும் பெறப்பட்டது. வாயில் அனைவருக்கும் திறக்கவில்லை. இவ்வாறு பொது என்ற சொல்லுக்கும் அதன் பொருளுக்கும் இடையே கிடந்த பிளவைச் சீனிவாசனார் சட்டமன்றத்தின் முன் வைத்தார்.

ஓர் ஆணையால் ஊர் வழக்கம் ஒரே நாளில் மாறிவிடவில்லை. ஆயினும் அதுவரை வழக்கத்தின் பெயரால் விலக்கப்பட்டவன், அன்று முதல் அரசாணையைச் சுட்டிக்காட்டி உரிமை கேட்க முடிந்தது. சட்டமன்றத்தில் அவர் மதுவின் கேட்டையும் எடுத்துரைத்தார். கூலி கைக்கு வரும் நாளிலும் விடுமுறை நாளிலும் குடி ஏழையின் இல்லத்தை அழிப்பதை அவர் கண்டவர். கள்ளுண்ணாமையை நோன்பாகக் கொண்ட நம் மரபினர் இதனைத் தனியே போற்றுதற்குரியர்.

இலண்டனும் பூனாவும்

1930-இல் இலண்டனில் கூடிய முதல் வட்டமேசை மாநாட்டுக்கு ஒடுக்கப்பட்டோரின் சார்பில் டாக்டர் அம்பேத்கரும் சீனிவாசனாரும் சென்றனர். முப்பது ஆண்டுகளுக்கு முன் தடைப்பட்ட பயணம் அன்று நிறைவேறியது. ஐந்தாம் ஜார்ஜ் மன்னரைச் சந்தித்தபோது, தீண்டாமை என்பது யாது என்பதை அவர் ஓர் எளிய உவமையால் விளக்கினார். தாழ்ந்த சாதியார் எனப்படுவோர் ஒருவர் தெருவில் விழுந்து கிடந்தாலும், உயர்ந்தவர் எனப்படுவோர் தொட்டுத் தூக்க மாட்டார் என்பதே அது. 1931-இல் நடந்த இரண்டாம் மாநாட்டிலும் அவர் கலந்துகொண்டார்.

1932-இல் பிரிட்டிஷ் அரசு ஒடுக்கப்பட்டோருக்குத் தனித்தொகுதிகளை அறிவித்தது. காந்தியடிகள் அதனை எதிர்த்து எரவாடா சிறையில் உண்ணாநோன்பு மேற்கொண்டார். செப்டம்பர் 24-இல் பூனா ஒப்பந்தம் ஏற்பட்டது. தனித்தொகுதிகள் கைவிடப்பட்டன, மாநிலச் சட்டமன்றங்களில் ஒடுக்கப்பட்டோருக்குரிய இடங்கள் 71-லிருந்து 148 ஆக உயர்ந்தன. அவற்றுள் சென்னை மாகாணத்துக்கு 30. ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டோருள் சீனிவாசனாரும் ஒருவர். நாற்பது ஆண்டுகளுக்கு முன் அமைப்புகளின் வெளியே நின்று விண்ணப்பம் அனுப்பியவர், அமைப்புகளின் உள்ளே தம் மக்களுக்கு இருக்கை பெற்றுத் தந்தார்.

அரசு அவருக்கு 1926-இல் ராவ் சாகிப், 1930-இல் ராவ் பகதூர், 1936-இல் திவான் பகதூர் பட்டங்களை வழங்கியது. 1945 செப்டம்பர் 18 அன்று அவர் மறைந்தார். 2000-ஆம் ஆண்டில் இந்திய அஞ்சல் துறை அவர் உருவம் தாங்கிய அஞ்சல்தலை வெளியிட்டது.

சமயமும் உரிமையும்

சீனிவாசனாரின் மைத்துனர் அயோத்திதாசப் பண்டிதர். இருவரும் ஒரே துன்பத்தைக் கண்டவர்கள். தெரிந்தெடுத்த வழிகள் வேறு. பண்டிதர் 1898-இல் பௌத்தம் தழுவி, தம் மக்களின் பழைய சமயம் அதுவே என நிறுவ முயன்றார். இழந்த பெருமையை மீட்டால் இழந்த உரிமையும் மீளும் என்பது அவர் நெறி. சீனிவாசனார் சமயம் மாறவில்லை. 1935-இல் அம்பேத்கர் இந்து சமயத்தை விட்டு நீங்கப்போவதாக அறிவித்தபோதும், தம் மக்கள் நால்வருண அமைப்புக்கு வெளியே உள்ளவர்களே, ஆதலால் மாற வேண்டிய தேவை இல்லை என்னும் கருத்தையே கொண்டிருந்தார்.

மனிதன் எச்சமயத்தைச் சார்ந்தவனாயினும் பொதுவழியும் அரசு வாயிலும் அவனுக்கு உரியவை. பிறர் மனம் மாறும்வரை அவ்வுரிமை காத்திருக்கலாகாது என்பதே அவர் நின்ற நிலை. சமயம் மனத்தைத் திருத்தும். அதற்குத் தலைமுறைகள் ஆகும். கிணற்றில் நீர் மொள்ள வேண்டியவனுக்கோ தாகம் இன்றைக்கு உள்ளது.

நமக்குரிய சிந்தனை

தொகையில் சிறிய நம் சமுதாயத்துக்கும் பொது அமைப்புகளின் அருமை தெரியும். 2014 ஜனவரியில் சமணர் தேசியச் சிறுபான்மையினராக அறிவிக்கப்பட்ட பின்னர், உதவித்தொகைக்கும் சான்றிதழுக்கும் அலுவலக வாயிலில் நின்ற பெற்றோர் நம்மிடையே பலர். நாம் யார் என்பதை எழுத்தரிடம் விளக்க நேரும்போது ஏற்படும் தளர்ச்சி சிறிதளவேனும் நமக்குப் பழக்கமானதே.

அதே வேளையில் நம் குடும்பங்களுட் பல வழிவழியாக நிலம் உடையவை. நம் வயல்களில் நாற்று நட்டுக் களம் சேர்த்தவர்கள், பெரும்பாலும் சீனிவாசனார் யாருக்காக வாதாடினாரோ அம்மக்களே. நம் ஊர்களிலும் ஊர் என்றும் காலனி என்றும் எல்லை உண்டு. ஒருபுறம் நாம் சிறுபான்மையினர்; மறுபுறம் ஊரில் நம் சொல்லுக்கு மதிப்பு உண்டு. இவ்விரண்டையும் சேர்த்து எண்ணுவோர்க்கே இவ்வரலாறு முழுமையாக விளங்கும்.

தீர்த்தங்கரரின் சமவசரணத்தில் தேவரும் மனிதரும் விலங்குகளும் ஒரே அறவுரையைக் கேட்கப் பன்னிரு அவைகளில் அமர்கின்றனர்; எவ்வுயிரும் அவ்வாயிலில் தடுக்கப்படுவதில்லை. நாம் போற்றும் நால்வகைத் தானங்களுள் உணவும் மருந்தும் கல்வியும் பலராலும் வழங்கப்படுகின்றன. நான்காவதாகிய அபயதானம், அதாவது அஞ்சும் உயிரின் அச்சத்தை நீக்குதல், பொருட்செலவு இல்லாதது. ஆனால் வழங்குதற்கு அரியது. கல்லூரி மணி அடிக்கும்வரை வெளியே காத்திருந்த அந்த மாணவனுக்குத் தேவைப்பட்டது அதுவே. உடன் பயின்ற ஒருவரேனும் அருகில் சென்று அழைத்துவந்திருந்தால் அவர் இளமையின் சுமை குறைந்திருக்கும்.

நம் ஊர் அறச்சாலையிலும் பள்ளியிலும் திருமண மண்டபத்திலும் வரத் தயங்கி நிற்பவர் எவரேனும் உளரா எனப் பார்த்தல் நம் கடமை. படிக்கத் தெரியாத முதியவருக்கு வட்டாட்சியர் அலுவலக மனுவை எழுதித் தருவதும், பஞ்சமி நிலத்தின் உரியவர் பட்டாவைத் தேடி அலையும்போது உண்மையைச் சாட்சி சொல்வதும், ஒரகடத்துத் தொழிற்சாலையில் புதிதாகச் சேர்ந்த பிள்ளையிடம் அவன் தெருவைக் கேளாமல் உடனமர்ந்து உண்பதும் இந்நாளில் நாம் செய்யத்தக்க அபயதானங்கள். சீனிவாசனார் பெற்றுத் தந்த உரிமை அரசாணையில் இருக்கிறது. அது ஊரில் நடைமுறையாவது அண்டை வீட்டாராகிய நம் கையில் உள்ளது.